புதுப்பிப்பு: துருப்பிடித்த 407 சேஸ், மாற்றுவதாக முடிவு

எங்கள் டாடா 407 லாரியில் பின் ஹேங்கர் (ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிடி) பக்கம் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், துருப்பிடித்திருக்கிறது, ஒட்டு போடலாமா மாற்றணுமா என்று கேட்டிருந்தேனே, முடிவாகிவிட்டது. மேட்டுப்பாளையம் பட்டறையில் பாடியைத் தூக்கிவிட்டு மேஸ்திரி சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்றது, ஹேங்கர் அருகே சத்தமே செத்துப்போய், ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளேயே இறங்கிவிட்டது. நீலகிரி கேத்தியில் கழுவிய கேரட்டை ஈரத்தோடு ஏற்றுகிறோம், அந்தத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வடியும், வேறென்ன ஆகும்! பிளேட் வைத்து வெல்டிங் அடித்தால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கிவிடலாம் என்றார்கள் சிலர். இரண்டு தகட்டுக்கும் நடுவே மறுபடி ஈரம் நிற்கும், அதுவும் லோடோடு குன்னூர் இறக்கத்தில்... மனசு வரவில்லை. சரி, மாற்றிவிடலாம் என்றாகிவிட்டது. சேஸ் நம்பர் அதில்தானே அடித்திருக்கிறது, அதனால் ஆர்டிஓ அனுமதி கைக்கு வந்த பிறகுதான் பழையதைக் கழற்றுவோம். சேஸின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் மட்டும் துரு என்றால் இவ்வளவு பாடு இல்லை, அதை மட்டும் மாற்றினால் போதும்.