புதுப்பிப்பு: இரண்டு எச்.பி.வி. சோதனைகளின் முடிவுகள் முரண்பட்டதற்கான காரணம்

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) இருக்கிறதா என்று பார்க்கும்போது, ஒரே கருப்பைவாய் மாதிரி ஹைப்ரிட் கேப்சர் 2 சோதனையில் நேர்மறையாகவும் கோபாஸ் 4800 சோதனையில் எதிர்மறையாகவும் வருவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

வைரஸ் வகைகளைத் தனித்தனியே பிரித்தறியும் சோதனையைச் செய்து பார்க்கச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. முரண்பட்ட மாதிரிகள் பலவற்றில் எச்.பி.வி. 53, எச்.பி.வி. 70 போன்ற, இரு சோதனைகளின் இலக்குப் பட்டியலிலும் இல்லாத வகைகளே இருந்தன. ஹைப்ரிட் கேப்சர் 2, அதிக ஆபத்துள்ள 13 வகைகளுக்கான ஆர்.என்.ஏ. துணுக்குகளை ஒரே கலவையாகப் பயன்படுத்தி, வெளிப்படும் ஒளியின் அளவைக் கொண்டு முடிவு சொல்வதால், நெருங்கிய உறவுள்ள பிற வகைகளோடும் அவை ஓரளவு பிணைந்துவிடுகின்றன. அந்த மாதிரிகளின் ஒளி விகிதம் (மாதிரியின் ஒளியை நேர்மறைக்கான எல்லை ஒளியால் வகுத்துக் கிடைப்பது) பெரும்பாலும் வெட்டுப்புள்ளியான 1-ஐச் சற்றே தாண்டியிருந்தது. வைரஸின் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். முறையிலான கோபாஸோ 16, 18 ஆகியவற்றைத் தனித்தனியாகவும் மற்ற 12 வகைகளைச் சேர்த்தும் காட்டுகிறது.

எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது. ஹைப்ரிட் கேப்சர் 2-இல் எதிர்மறை என்று வந்த சில மாதிரிகள், கோபாஸில் மனித செல்களில் இருக்கும் பீட்டா குளோபின் மரபணு கிடைக்காததால் செல்லாதவை என வந்தன. செல்கள் போதுமான அளவில் உள்ளனவா என்று காட்டும் அகக் கட்டுப்பாடு ஹைப்ரிட் கேப்சர் 2-இல் இல்லை; என் பார்வையில் வகை முரண்பாட்டைவிட இதுவே கவலைக்குரியது. அந்தப் பெண்களிடம் மறுமாதிரி கேட்டிருக்கிறோம்.

வைரஸின் மரபணுக்கள் செயல்படும்போது உருவாகும் எம்.ஆர்.என்.ஏ.வைத் தேடும் சோதனைக்கு மாறும் யோசனையை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் அதை மருத்துவப் பணியாளர் எடுக்கும் மாதிரிகளுக்கே பரிந்துரைக்கிறது, எங்களுக்கோ பெண்கள் தாமே எடுத்துத் தரும் மாதிரிகளும் வருகின்றன.