கழிவெளியா, கழுவெளியா, கழுவேலியா?

வேர்ச்சொல்:
மரக்காணம் பக்கத்து ஈரநிலம் 2024-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்ததிலிருந்து அதன் பெயருக்குப் பேப்பருக்குப் பேப்பர் ஓர் எழுத்து. கழி (உப்பங்கழி) + வெளிதான் மூலம். நெய்தல் பாட்டில் வரும் ‘இருங்கழி’, இன்றைய கழிமுகம், எல்லாம் அதே கழி. பிடி புடியாகிறது, விழு வுழுவாகிறது. அப்படித்தான் கழி, கழு ஆனது.

ஓடைக்கரை:
விதியைத் தலைகீழாகப் பிடிக்கிறீர்கள் ஐயா. பிடி, விழு இரண்டிலும் முதல் எழுத்தின் இகரம் மாறுகிறது; அது உதட்டொலியோடு சேர்ந்தது, வளைநா ஒலி (ட, ழ போல நாக்கை வளைத்துச் சொல்வது) பின்னால். கழிவெளியில் ழ முன்னால், வ பின்னால். அங்கே இ மாறுமென்றால் அழிவு ஏன் அழுவு ஆகவில்லை? கழுவு நீர் கழுநீர் ஆனதுபோல கழுவு வெளி கழுவெளி. மாட்டுக்கு வைக்கும் கழுநீர்த் தொட்டியே சாட்சி. ஐப்பசி, கார்த்திகையில் சுற்று ஏரிகளின் உபரிநீர் இங்கே பரவி, உப்புக்கல்லி ஓடை வழியாக எடையன்திட்டு கழிமுகத்துக்கு இறங்குகிறதே.

வேர்ச்சொல்:
கழுவிய நிலத்தில் உப்பு ஏன் பூக்கிறது? பக்கத்திலேயே மரக்காணம் உப்பளம்.

ஓடைக்கரை:
உப்பு கழிமுகத்துப் பக்கம். உள்ளே போகப் போக நன்னீர். சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் கழுவெளி என்றே சொல்வார்கள். அது கடலை ஒட்டிக்கூட இல்லை. ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வடிகிறது. அதை எப்படி உப்பங்கழி என்பீர்கள்?

வேர்ச்சொல்:
அங்கேயும் உவர்ப்பு ஏறும். கழி என்றால் கடல் கண்ணில் பட வேண்டும் என்று கட்டாயமில்லை.

காவிரிக்காரன்:
‘வேலி’யை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதுவும் நில அளவுதானே. தஞ்சைக் கணக்கில் 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர்.

ஓடைக்கரை:
இந்த ஈரநிலத்துப் பறவைகள் சரணாலயம் 5,151.6 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,900 வேலி. ஒரு வேலி என்று பேர் வைத்தவர் கணக்கில் ரொம்பத் தாராளம்! ஆங்கில வரைபடத்தில் ழ, ல, ள மூன்றுக்கும் ஒரே எழுத்து. அதைத் திரும்பத் தமிழாக்கியவர்கள் வெளியை வேலியாக்கிவிட்டார்கள்.

காவிரிக்காரன்:
பழைய ஓலையில் எ, ஏ வித்தியாசமே தெரியாதே?

வேர்ச்சொல்:
புள்ளி வைக்காமல் எழுதுவதால் வெ, வே குழம்பும், உண்மை. ஆனால் ளி, லி குழம்பாது. ழி, ழுவும் குழம்பாது. ஆங்கிலேயர் நில அளவைக்கு முந்தைய கணக்கோலை ஒன்றைக் காட்டுங்கள், ‘ழு’ இருந்தால் கழியை விட்டுவிடுகிறேன்.

ஓடைக்கரை:
‘ழி’ இருந்தாலும் அழிவுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.