செருலெனின் சேர்த்தால் நச்சுப் புரதம் குறைவது எதனால்?

கேள்வி:
ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா வளர்ப்பில், கொழுப்பு அமிலத் தொகுப்பைத் தடுக்கும் செருலெனினை வளர்ச்சியை நிறுத்திவிடாத அளவில் சேர்த்தபோது, நீர்மத்தில் ஆல்ஃபா ஹீமோலைசின் என்ற நச்சுப் புரதம் வெகுவாகக் குறைந்திருந்தது. கொழுப்பு அமிலத் தொகுப்பு தடைபட்டுச் சவ்வு மாறியதால் புரதம் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கிவிட்டது என்று கருதலாமா, அல்லது மரபணுவே அடங்கிவிடுகிறதா?

பதில் 1:
சுரப்பு தடைபடுகிறது என்ற விளக்கமே நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்தது. ஆனால் குறைவது சுரப்பு அன்று, படியெடுத்தலே (மரபணுவிலிருந்து ஆர்என்ஏ உருவாவதே) என்று அதிகாரி, நோவிக் என்ற ஆய்வாளர்கள் 2005இல் காட்டினர். சவ்வு இதில் சம்பந்தமில்லாதது என்று இதற்குப் பொருளில்லை. ஆல்ஃபா ஹீமோலைசின் மரபணுவைத் தூண்டும் சே அமைப்பின் உணரியான சேஎஸ் சவ்விலேயே பதிந்திருக்கிறது. அது சேஆர் புரதத்துக்குப் பாஸ்பேட்டைக் கொடுத்தால்தான் அந்த மரபணு முழுவீச்சில் இயங்கும் என்பதால், சுற்றியுள்ள கொழுப்பின் இயல்பு மாறும்போது உணரியும் தளர்வது வியப்பன்று. கொழுப்பு அமிலத்துக்குப் பாஸ்பேட் சேர்க்கும் ஃபேக் நொதி இல்லாத திரிபுகளில் தனிக் கொழுப்பு அமிலங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றிலும் சே அமைப்பு மந்தமாகிறது என்பதை இதனுடன் வைத்துப் பார்க்கலாம்.

பதில் 2:
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஓர் ஐயம் உண்டு. செருலெனின் வளர்ச்சியை நிறுத்தாவிட்டாலும் மெதுவாக்கக்கூடும். நச்சு மரபணுக்களைத் தூண்டும் மற்றோர் அமைப்பான அக்ர் செல் அடர்த்தியைப் பொறுத்து இயங்குவது. ஆகவே ஒரே நேரத்தில் எடுத்த மாதிரிகளை அல்ல, ஒரே ஒளியடர்த்தியை (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவை) எட்டிய மாதிரிகளையே ஒப்பிட வேண்டும். இல்லையேல் தாங்கள் அளந்தது வளர்ச்சித் தாமதமாகவே முடியலாம். ஊடகத்தில் கொழுப்பு அமிலங்கள் கொண்ட சீரம் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்ற பாக்டீரியா வெளியிலுள்ள கொழுப்பு அமிலத்தை எடுத்துக்கொண்டு தன் தொகுப்பின்றியே வாழ்வதாக 2009இல் தெரியவந்தது, ஸ்டாஃபிலோகாக்கஸும் அவ்வழியைக் கையாளக்கூடியதே.

பதில் 3:
காலராக் கிருமியில் கொழுப்பு அமிலம் இன்னும் நேரடியாகவே தலையிடுகிறது. நச்சு மரபணுக்களைத் தூண்டும் டாக்ஸ்டி புரதத்தின் படிக அமைப்பு 2010இல் வெளியானபோது, அதன் குழிக்குள் சிஸ்-பால்மிட்டோலியிக் அமிலம் பொதிந்திருந்தது; அது அங்கிருக்கும்வரை டாக்ஸ்டி டிஎன்ஏவைப் பற்றுவதில்லை. இரண்டு வழிகளையும் ஒன்றாகக் கருதிவிட வேண்டாம்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ஒளியடர்த்தியை நான் சமன்செய்யவில்லை. நான்கு மணி நேரம் கழித்து எல்லாக் குடுவைகளிலிருந்தும் ஒன்றாக மாதிரி எடுத்தேன். சீரம் சேர்க்காமல், சே மரபணுக்களின் ஆர்என்ஏவையும் அளந்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.