பாப்பா மோஷன் போகவே மாட்டேங்கிறா, யாராவது உடனே சொல்லுங்க

நாஞ்சில்_நிலாஅம்மா (புதியவர்)
பாப்பா மோஷன் போகல. முக்குறா, முகமெல்லாம் செவந்து போகுது, காலை வயித்தோட மடக்கிக்கிட்டு அழுறா, ஒண்ணும் வரல. சாப்பாடு ஆரம்பிச்சதுல இருந்துதான் இப்படி. முன்னாடி நல்லா போயிட்டிருந்த பிள்ளை. என்ன கொடுத்தா உடனே போகும்? மாமி விளக்கெண்ணெய் ஊத்தச் சொல்றாங்க, அவர் வேண்டாங்கிறார். சீக்கிரம் சொல்லுங்க, அவ அழுறதப் பாக்க முடியல.

கவின்அம்மா_ஈரோடு
பயப்படாதீங்க சிஸ்டர். ஆனா நீங்க எழுதினத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியல. பாப்பாக்கு எத்தனை மாசம்? தாய்ப்பாலா, பவுடர் பாலா? என்ன சாப்பாடு கொடுக்குறீங்க? கடைசியா எப்ப போனா, அப்ப இளக்கமா இருந்துச்சா கட்டியா இருந்துச்சா? வாந்தி, காய்ச்சல் உண்டா?

வேலூர்_வசந்தா
எந்த மாசமா இருந்தா என்ன கண்ணு. வெத்தலைக் காம்பை விளக்கெண்ணெயில தொட்டு ஆசனவாயில லேசா வை, அஞ்சு நிமிஷத்துல போயிடும். எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் அதான் செஞ்சோம். அப்புறம் தொப்புளைச் சுத்தி எண்ணெய் தடவி விடு.

திருச்சி_செவிலி
வசந்தாம்மா, தொப்புளைச் சுத்தித் தடவுறது நல்லது, செய்யட்டும். காம்பு வேண்டாம். அந்த இடத்துத் தோல் ரொம்ப மெல்லிசு, காம்பு நுனி கீறினா புண்ணாகிடும். புண்ணானா அடுத்த தடவை வலிக்கும், வலிக்கு பயந்து பிள்ளை அடக்கும், அடக்க அடக்க குடல் தண்ணியை உறிஞ்சி மலம் இன்னும் கல்லாகும். மலச்சிக்கல் நாள்பட்டுப் போறதே இந்தச் சுழல்லதான். சோப்புத் துண்டு வைக்கிறதும் அதே மாதிரி எரிச்சல்.

விளக்கெண்ணெயை வாயில ஊத்தவே கூடாது. குடலைப் பிடிச்சு இழுத்து வலி கொடுக்கும். அழுற குழந்தை வாயில எண்ணெய் ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயி நுரையீரல்ல இறங்குற ஆபத்தும் இருக்கு. உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி.

நிலாஅம்மா, இதுக்கு மட்டும் முதல்ல பதில் சொல்லுங்க: வயிறு உப்பி இறுக்கமா இருக்கா? பச்சையா வாந்தி எடுத்தாளா? மலத்துல ரத்தம் வந்துச்சா? பால் குடிக்கிறாளா? பிறந்ததும் போற கரும்பச்சை மலம் முதல் ரெண்டு நாளுக்குள்ள போச்சா? இதுல ஏதாவது கோளாறா இருந்தா இங்க உக்காந்து எழுதிட்டிருக்காம இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

மதுரை_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
இதே கேள்விக்கு நான் இங்கே எத்தனையோ முறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இன்றைய தாய்மார்களுக்கு இல்லை. காரணம் ஒன்றுதான்: டின் பால். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு மலச்சிக்கல் வருவது மிக அரிது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பிறகு இணை உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அடிப்படையைச் சரிசெய்யாமல் மருந்து கேட்டு என்ன பயன்?

கவின்அம்மா_ஈரோடு
ஐயா, அவங்க பவுடர் பால் கொடுக்குறாங்கன்னு எங்கயுமே சொல்லலயே. கொடுத்தாலும் என்ன காரணமோ. பால் சுரக்காம பம்ப் வெச்சு அழுதவ நான். பிள்ளை முக்கிட்டிருக்கிற நேரத்துல தாயைக் குத்தம் சொல்லாதீங்க.

மதுரை_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
குற்றம் சொல்லவில்லை அம்மா. உண்மையைச் சொன்னேன். விவரம் வரட்டும், பார்ப்போம்.

ஆதிரா_அப்பா_தாம்பரம்
இரும்புச்சத்து சிரப் கொடுக்குறீங்களா? எங்க பொண்ணுக்கு அங்கன்வாடியில கொடுத்தாங்க, அப்புறம்தான் கருப்பு கருப்பா போக ஆரம்பிச்சது. நிறுத்திப் பாருங்க, சரியாகிடும்.

திருச்சி_செவிலி
தாம்பரம் சார், இரும்பு கொடுத்தா மலம் கருப்பாகும், அதனால கெடுதல் இல்ல. இரும்பு சில பிள்ளைக்குக் கட்டலாம், எல்லாருக்கும் இல்ல. ஆனா நாமா நிறுத்தக்கூடாது, 6 மாசத்துக்கு மேல ரத்தசோகை வர வாய்ப்பு அதிகம். அரசு கொடுக்குற சிரப் வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு 1 மில்லி. சிலர் தெரியாம தினமும் ஊத்துறாங்க. அதை மட்டும் சரிபாருங்க.

நாஞ்சில்_நிலாஅம்மா
மன்னிக்கணும், அவளைத் தூங்க வெச்சுட்டு வந்தேன். 6 மாசம் முடிஞ்சு 7 நடக்குது. கோயில்ல சோறு ஊட்டினதுக்கப்புறம் ஆரம்பிச்சோம். காலையிலயும் சாயங்காலமும் ஏத்தங்கா (நேந்திரங்கா) மாவு காய்ச்சிக் கொடுக்குறோம், மதியம் சோறும் பருப்புத் தண்ணியும். தாய்ப்பால் உண்டு, ராத்திரிக்கு ஒரு பாட்டில் பவுடர் பால், மாமி கலக்கித் தருவாங்க. ஞாயித்துக்கிழமை போனா, ஆட்டுப்புழுக்கை மாதிரி, கடைசில ஒரு கோடு ரத்தம். அதுக்கப்புறம் போகல. வாந்தி காய்ச்சல் இல்ல. பால் குடிக்கிறா. பிறந்ததும் ஆஸ்பத்திரிலயே போயிட்டா. இரும்பு சிரப் இன்னும் கொடுக்கல. தினமும் உரை மருந்து உரசிக் கொடுப்போம், அது பழக்கம்.

ரெட்டையர்_அப்பா_ஓசூர்
அந்த ராத்திரி பாட்டில் எப்படிக் கலக்குறாங்க? இதை யாரும் கேக்கல. பெரும்பாலான டின்ல 30 மில்லி தண்ணிக்கு ஒரு கரண்டி, தலைதட்டி எடுக்கணும்னு போட்டிருக்கும். உங்க டின்ல என்ன போட்டிருக்குன்னு பாருங்க. தண்ணியை முதல்ல அளந்து ஊத்திட்டு அப்புறம்தான் பவுடர் போடணும். பவுடரைப் போட்டுட்டு 120 கோடு வரைக்கும் தண்ணி ஊத்தினா தண்ணி குறைஞ்சு போகும். பெரியவங்க "பிள்ளை ராத்திரி நல்லா தூங்கட்டும்"னு குமிச்சு ஒரு கரண்டி கூடப் போடுவாங்க. பால் கெட்டியானா மலமும் கெட்டி. அதை விட மோசம், உடம்புல உப்பு கூடும். ஒரு ராத்திரி நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க.

வேலூர்_வசந்தா
உரை மருந்துல என்னென்ன உரசுற கண்ணு? மாசிக்காயும் ஜாதிக்காயும் இருந்தா அதுங்க ரெண்டும் துவர்ப்பு, வயித்தைக் கட்டும். பேதி ஆகுற பிள்ளைக்குத்தான் அதைத் தூக்கலா உரசுவோம். கட்டிப் போன பிள்ளைக்குக் கொடுத்தா இன்னும் கட்டும். இப்போதைக்கு நிறுத்திடு.

திருச்சி_செவிலி
வசந்தாம்மா சொல்றது நூத்துக்கு நூறு. மாசிக்காய்ல டானின்ங்கிற துவர்ப்புப் பொருள் அதிகம். அந்த உரசுகல்லுல கிருமி இருக்கிற தொல்லையும் உண்டு. விட்டுடலாம்.

நிலாஅம்மா, ஏத்தங்காதான் எனக்கு முதல் சந்தேகம். காயா இருக்கும்போது அதுல இருக்கிற மாவுச்சத்துல பெரும்பகுதி சிறுகுடல்ல செரிக்காம அப்படியே பெருங்குடலுக்குப் போகும். வங்கதேசத்துல வயித்துப்போக்கு நிக்காத குழந்தைகளுக்கு வேகவெச்ச பச்சை வாழைக்காய் கொடுத்து, போக்கு குறைஞ்சதுன்னு 2001-ல ஆய்வு வந்திருக்கு. போக்கை நிறுத்துற பொருளை, போகாம கஷ்டப்படுற பிள்ளைக்குக் காலையும் மாலையும் கொடுக்குறீங்க.

குழித்துறை_ஜெயா
இது சரியில்ல. குமரி மாவட்டத்துல, அங்க கேரளாவுல, தலைமுறை தலைமுறையா பிள்ளைகளுக்கு ஏத்தங்கா மாவுதான் முதல் ஆகாரம். நாங்க எல்லாரும் அதுல வளந்தவங்கதான். வெயில்ல நல்லா உணத்தி, வீட்ல பொடிச்சு, தண்ணியா காய்ச்சிக் கொடுத்தா ஒரு பிள்ளைக்கும் கட்டாது. கடையில வாங்கின பொடியைக் கட்டியா கிண்டினா எதுதான் கட்டாது? ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்லாதீங்க.

திருச்சி_செவிலி
குறை சொல்லல ஜெயா. நல்ல உணவு, எடை ஏறும், பல பிள்ளைக்கு ஒத்துக்கும். இந்தப் பிள்ளைக்கு இந்த வாரம் வேண்டாம், அவ்வளவுதான் சொல்றேன்.

பழநி_பாண்டி
வாழையில காய் வேற, பழம் வேற. நல்லா கனிஞ்ச மலைப்பழம் ஒண்ணு மசிச்சுக் கொடுங்க. எங்க பக்கத்து விருப்பாச்சி, சிறுமலைப் பழம்னா சொல்லவே வேண்டாம். தோல்ல புள்ளி விழுந்து கறுத்திருக்கணும், அப்பதான் இளகும். ரஸ்தாளி கட்டும், கொடுக்காதீங்க. நம்ம பஞ்சாமிர்தத்தைத் துளி நாக்குல தடவினாலும் நல்லா போகும்.

கவின்அம்மா_ஈரோடு
ரஸ்தாளி கட்டும்னு யார் சொன்னாங்க? கவினுக்கு ரஸ்தாளிதான் கொடுத்தேன், நல்லா போனான். பூவன்தான் சளி பிடிச்சது.

குழித்துறை_ஜெயா
மட்டிப்பழத்தை விட்டுட்டு என்ன பேச்சு. எங்க ஊர்ல பிள்ளைக்கு அதுதான்.

பழநி_பாண்டி
மட்டி மணக்கும், ஒத்துக்குறேன். ஆனா வயித்தை இளக்குறதுல மலைப்பழத்துக்குக் கிட்ட வராது. ரஸ்தாளிக்காரங்க கனியாத பழத்தை வாங்கிட்டு வந்து…

திருச்சி_செவிலி
எல்லாரும் நிறுத்துங்க. பஞ்சாமிர்தம் வேண்டாம், ஒரு துளி கூட வேண்டாம்! அதுல தேன் இருக்கு. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேன்ல கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியோட வித்து இருக்கலாம். பெரியவங்க குடல்ல அது ஒண்ணும் பண்ணாது, கைக்குழந்தை குடல்ல முளைச்சு நஞ்சு உண்டாக்கும். தசை எல்லாம் தளந்து போகும், மூச்சுத் தசை வரைக்கும். அந்த நோயோட முதல் அறிகுறியே பெரும்பாலும் மலச்சிக்கல்தான், அதனாலதான் பதறுறேன்.

நிலாஅம்மா, சேனை வெச்சப்பவோ சோறு ஊட்டினப்பவோ அதுக்கப்புறமோ தேன் தொட்டு வெச்சாங்களா? அழுகைச் சத்தம் மெலிஞ்சிருக்கா, இமை தொங்குதா, கழுத்து துவளுதா, பால் இழுக்க முடியாம விடுறாளா? இருந்தா இந்த நிமிஷமே கிளம்பணும்.

பழநி_பாண்டி
சரிங்கம்மா. பஞ்சாமிர்தம் வேண்டாம். பழம் மட்டும் மசிச்சுக் கொடுக்கட்டும்.

யாழ்_மதி_ரொறன்ரோ
என்ர மகளுக்கும் இப்பிடித்தான் இருந்தது. இஞ்ச டொக்டர் பேரிக்காயும் புரூன்சும் அவிச்சு மசிச்சுக் குடுக்கச் சொன்னவ. உங்கட பக்கம் புரூன்ஸ் விலை எண்டால் பப்பாசிப்பழம் குடுங்கோ, நல்லாப் பழுத்ததா. சாப்பாட்டோட கொதிச்சு ஆறின தண்ணியும் கொஞ்சம் குடுங்கோ. திண்ம உணவு தொடங்கின பிறகு தண்ணி வேணும், கனபேர் அதை மறந்துபோயினம்.

நாஞ்சில்_நிலாஅம்மா
தேன் கொடுக்கல. அழுகை நல்ல சத்தமாத்தான் இருக்கு, கழுத்தும் நிக்குது. தண்ணி கொடுக்கிறதே இல்ல, சளி பிடிக்கும்னு மாமி சொல்வாங்க. இப்ப எந்திரிச்சு மறுபடி முக்குறா. வயிறு கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கு.

திருச்சி_செவிலி
அப்ப வீட்டு வைத்தியம் எதுவும் பாக்க வேண்டாம். கட்டியா போயி ரத்தம் வந்திருக்கு, இப்ப வயிறு உப்புது. குழந்தைகள் டாக்டர்கிட்ட இன்னிக்கே காட்டுங்க. கோடு மாதிரி ரத்தம் பெரும்பாலும் ஆசனவாயில விழுந்த வெடிப்பாத்தான் இருக்கும், ஆனா கண்ணால பாத்துத்தான் சொல்லணும். தேவைப்பட்டா கிளிசரின் சப்போசிட்டரி (ஆசனவாயில வைக்கிற மருந்து) அவங்களே வைப்பாங்க, இளக்குற சிரப் எடைக்குத் தகுந்த அளவு எழுதுவாங்க. மெடிக்கல்ல நீங்களா வாங்கி வைக்காதீங்க. டாக்டர்கிட்ட இங்க எழுதின அத்தனையும் சொல்லுங்க: ஏத்தங்கா, உரை மருந்து, ராத்திரி பாட்டில், தண்ணி கொடுக்காதது.

போயிட்டு வந்தப்புறம் செய்ய வேண்டியதையும் எழுதிடுறேன், கையோட இருக்கட்டும்.

தண்ணியால சளி வராது. ஒவ்வொரு தடவை சாப்பாட்டோடயும் கொதிச்சு ஆறின தண்ணி சில மடக்கு, நாள் முழுக்க 120-ல இருந்து 240 மில்லிக்குள்ள போதும். அதுக்கு மேல கொடுத்தா பால் குடிக்கிறது குறையும். பப்பாளி, பேரிக்காய், நல்லா கனிஞ்ச கொய்யா விதை நீக்கி மசிச்சு. கருப்பு உலர் திராட்சையை ராத்திரி சுடுதண்ணியில ஊறவெச்சு, பிசைஞ்சு, வடிகட்டின சாறு மட்டும் ரெண்டு மூணு ஸ்பூன். முழுசா கொடுத்தா தொண்டையில அடைச்சிடும். பருப்புத் தண்ணிக்குப் பதிலா பருப்பையே மசிச்சு, கூட சக்கரவள்ளியோ கீரையோ. கேழ்வரகு கொடுத்தா துணியில பிழிஞ்ச பால் மட்டும் கொடுக்காதீங்க, நார் எல்லாம் துணியிலயே நின்னுடும். குளிப்பாட்டினதும் கால் ரெண்டையும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி மடக்கி நீட்டுங்க.

இன்னொரு விஷயம், படிக்கிற மத்த அம்மாக்களுக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு வாரம் போகாம இருந்து இளக்கமா போனா அது மலச்சிக்கல் இல்ல. முகம் செவக்க முக்கி அழுதுட்டு இளக்கமா போனாலும் இல்ல, அதுக்கு எப்படி முக்கணும்னு இன்னும் பழகல. நாள் கணக்கை விட மலம் எப்படி இருக்குன்னுதான் பாக்கணும்.

மதுரை_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
டின் பால் என்று முதலிலேயே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ரெட்டையர்_அப்பா_ஓசூர்
பெரியவரே, பால் மேல தப்பில்ல, கலக்குற விதத்துலதான் இருக்கலாம்னு சொல்றேன். ரெண்டும் ஒண்ணில்ல. அளவு சரியா இருந்தா டின் பால் குடிக்கிற பிள்ளையும் நல்லாவே போகும். எங்க ரெண்டு பேரும் குறைமாசத்துல பிறந்து அந்தப் பால்லதான் எடை ஏறினாங்க.

மதுரை_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
குறைமாதக் குழந்தைகள் விஷயம் வேறு. அதை நான் மறுக்கவில்லை.

கவின்அம்மா_ஈரோடு
நிலாஅம்மா, என்ன ஆச்சு? டாக்டர்கிட்ட போனீங்களா?

வேலூர்_வசந்தா
புள்ளைக்கு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை எழுது கண்ணு. மனசு அங்கயே இருக்கு.

நாஞ்சில்_நிலாஅம்மா
மோஷன் போயிட்டா. டாக்டர்கிட்டயே சப்போசிட்டரி வெச்சாங்க, நிறைய போனா, உடனே தூங்கிட்டா. வெடிப்புதான்னு சொன்னாங்க. மலத்தை இளக்குற லாக்டுலோஸ் சிரப் எழுதியிருக்காங்க. பாட்டில்ல மாமி குமிச்சுத்தான் போட்டிருக்காங்க, இனி நான் கலக்குறேன். எல்லாருக்கும் நன்றி, அப்புறம் வரேன்.

குழித்துறை_ஜெயா
நல்லதும்மா. ஏத்தங்காயை ஒரேயடியா ஒதுக்கிடாதீங்க, சரியானப்புறம் தண்ணியா காய்ச்சி ஒரு நேரம் கொடுத்துப் பாருங்க.

திருச்சி_செவிலி
ரொம்ப சந்தோஷம். ஒரு தடவை போனதும் சிரப்பை நிறுத்திடாதீங்க, எத்தனை நாள்னு டாக்டர் சொல்லியிருக்காங்களோ அத்தனை நாளும் கொடுங்க. வெடிப்பு ஆறுற வரைக்கும் மலம் இளக்கமாவே போகணும். இரும்பு சிரப் எப்ப ஆரம்பிக்கலாம்னும் அடுத்த தடவை போறப்ப கேட்டுடுங்க.