செமினார்னு சொல்லி சிலபஸை பசங்க தலையில கட்டுறது சரியா?

கணக்குப்பிள்ளை:
பி.காம் படிக்கிறேன். பார்ட்னர்ஷிப் யூனிட்டை ஆளுக்கு ஒரு டாபிக்னு எங்களுக்கே பிரிச்சுக் குடுத்துட்டார் சார், இன்டர்னல்ல அஞ்சு மார்க். கார்னர் வெர்சஸ் மர்ரேங்கற இங்கிலாந்து கோர்ட் கேஸை எடுத்த பையன், திவாலான பார்ட்னரோட பற்றாக்குறையை மத்தவங்க லாப விகிதத்துல பிரிச்சுக் காட்டினான், நாங்களும் நோட்ல ஏத்திக்கிட்டோம், சார் கடைசி பெஞ்ச்ல பேப்பர் திருத்திட்டு இருந்தார். டெஸ்ட்ல பாதி கிளாஸ் அப்டியே எழுதி முட்டை வாங்குனோம். அவங்கவங்க போட்ட முதல், அதாவது கேபிடல் விகிதத்துலதான் பிரிக்கணும்னு 1904லயே தீர்ப்பாம். அப்ப ஃபீஸ் எதுக்கு?

பீளமேடு எம்பிஏ:
யாராவது ஒருத்தர் புக்கை தொறந்திருக்கலாம்ல? நானும் யூஜில மேடைன்னா நடுங்குனவதான். பிரேக் ஈவன் எடுக்க சொன்னாங்க, டீக்கடை அண்ணன்கிட்ட பால் சர்க்கரை கேஸ் வாடகைனு எல்லாம் கேட்டு, நாளைக்கு எத்தனை டீ வித்தா கையைக் கடிக்காதுனு போர்டுல போட்டேன், இன்னிக்கும் மறக்கல. ஹார்வர்ட்ல 1920கள்லேர்ந்தே கேஸ் ஸ்டடிதான், பேசுறது பூரா பசங்கதான்.

கணக்குப்பிள்ளை:
அங்க வாத்தியார் கடைசி பெஞ்ச்லயா இருக்கார்? திடீர்னு ஒருத்தரை எழுப்பி ஆரம்பிக்க சொல்றதே அவர்தானே. அதோட கேஸுக்கு நாலு விடை இருக்கும், இங்க பேலன்ஸ் ஷீட் டேலி ஆகணும்க்கா.

திண்ணை:
சட்டாம்பிள்ளை காலத்து சங்கதிய்யா இது. நம்ம ஊர்ப் பசங்க மணல்ல எழுதிப் படிச்சதைப் பாத்து ஆண்ட்ரூ பெல்னு ஒரு வெள்ளைக்காரர் எழும்பூர் அனாதைப் பள்ளியில பசங்களையே வாத்தியாராக்கினார், 1797ல புத்தகமும் போட்டார், மெட்ராஸ் சிஸ்டம்னு இங்கிலாந்து பூரா பரவுச்சு. ஒரு வாத்தியார் சம்பளத்துல நூத்துக்கணக்கான பசங்க, பரவாம என்ன செய்யும்!

சாக்பீஸ்:
அந்த சம்பளத்துல இருக்குற லெக்சரர்தான் நானு. காலேஜுக்கு தரம் போடுற நாக் (NAAC) குழு வந்தா ஸ்டூடன்ட் சென்ட்ரிக் எங்கன்னு கேப்பாங்க, செமினார் போட்டோவை ஃபைல்ல சொருகிடுவோம், உண்மையை ஒத்துக்கறேன். ஆனா முந்தின நாள் அந்தப் பையனை ஸ்டாஃப் ரூமுக்கு கூப்ட்டு ஒரு கணக்கு போட சொன்னா பத்து நிமிஷத்துல தப்பு மாட்டிக்கும்.

பீளமேடு எம்பிஏ:
எங்க மேம் அதைத்தான் பண்ணாங்க.

கணக்குப்பிள்ளை:
எங்க சார்கிட்ட இதை யாரு சொல்றது. நாளைக்கு என் டர்ன், பீஸ்மீல் டிஸ்ட்ரிபியூஷன், அதான் பார்ட்னர்ஷிப்பைக் கலைக்கும்போது சொத்து விக்க விக்க வர்ற பணத்தை அப்பப்ப பிரிச்சுக் குடுக்குறது. மிச்ச சொத்துக்கு ஒண்ணுமே வராதுனு வெச்சு கணக்கு போடுற மேக்ஸிமம் லாஸ் மெத்தட்ல கார்னர் மர்ரே வருமா?

சாக்பீஸ்:
வரும். நஷ்டத்தைப் பிரிச்சதும் யாருக்காவது கேபிடல் மைனஸாகி டெபிட் பேலன்ஸ் விழுந்தா அங்க அந்தத் தீர்ப்பைப் போடணும். ஒரு கணக்கு போட்டு இங்கயே அனுப்பு, பாக்குறேன்.