56 வயதில் முதல் 5 கிலோமீட்டர்: மூச்சு வந்துவிட்டது, கால் வரவில்லை

சத்துவாச்சாரி, தையல் வேலை, வயது 56

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வாழ்க்கையில் முதல் தடவையாக 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் பேர் கொடுத்து ஓடி முடித்தேன். 44 நிமிடம் 20 விநாடி. இதே வயதில் யாராவது ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் நான் பட்ட கஷ்டம் அவர்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் ஓட ஆரம்பித்தேன் என்று எல்லோரும் கேட்டார்கள். என் அம்மா 64 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கடைசி நான்கு வருஷம் கட்டிலோடு கிடந்தார். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும், எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுத்தால் அந்தக் குறைவைக் கொஞ்சமாவது தள்ளிப்போடலாம் என்று டாக்டர் சொன்னார். நானோ முப்பது வருஷமாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் இரண்டு மாதம் நடந்தேன். பிரஷர், சர்க்கரை, இசிஜி எல்லாம் பார்த்து, ஓடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் செப்டம்பர் முதல் வாரம் ஓட்டம் தொடங்கினேன். இந்தப் பரிசோதனையை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

என் பையன் போனில் ஒரு 9 வாரத் திட்டம் போட்டுக் கொடுத்தான். வாரத்தில் மூன்று நாள்தான். முதல் வாரம் ஐந்து நிமிடம் வேக நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படியே 20 நிமிடம். முதல் நாள் அந்த 60 விநாடியே ஒரு யுகமாக இருந்தது. தெருவில் ஓடினால் எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிக்கிறதை நிறுத்திவிட்டு, "இன்னாத்துக்குமா இந்த வயசுல ஓட்டம், எதனா ஆயிடப் போவுது" என்றார். அக்கறையில்தான் கேட்டார், ஆனாலும் அன்றைக்கு மனசு சுருங்கிவிட்டது. மறுநாளிலிருந்து விடியற்காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலூர் கோட்டைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், கை வீசுகிறவர்கள் என்று எப்போதும் ஆள் இருக்கும். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை.

நான்கு வாரத்தில் எனக்கே ஆச்சரியம், மூச்சு வாங்குவது பாதியாகக் குறைந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் தெரிந்தது. அந்தத் திட்டத்தில் ஐந்தாவது வாரம் மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். மூச்சுதான் இருக்கிறதே என்று ஓடினேன், முடித்தும்விட்டேன், அன்றைக்கு முழுக்கப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வலது காலை ஊன்றினேன், குதிகாலில் முள் ஏறின மாதிரி வலி. பத்து அடி நடந்தால் குறைகிறது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி அதே முள். நான்கு நாள் அப்படியே விட்டேன், வலி போகவில்லை.

பிசியோதெரபி பார்க்கும் பெண் என் கணுக்காலை மடக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நீங்க என்ன வேலை செய்றீங்க?" தையல் என்றேன். மோட்டார் வைப்பதற்கு முன் இருபது வருஷம் மிதி மெஷின், அதுவும் வலது கால்தான் முன்னால். கெண்டைத்தசை கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது, அது குதிகாலைப் பிடித்து இழுக்கிறது என்று விளக்கினாள். அப்போது அவள் சொன்னதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்தேன். இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும், வயது ஏற ஏற இன்னும் மெதுவாக. நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் நம்மைப் போன்றவர்கள் அடிபடுகிறோம், மூச்சு சரி என்று சொல்கிறதை நம்பிக் காலைக் கேட்காமல் ஓடிவிடுகிறோம்.

மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தினேன். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் வைத்து, கால் பாதத்துக்கு அடியில் போட்டு உருட்டுவது, சுவரில் கை ஊன்றிக் கெண்டைத்தசையை இழுப்பது, படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, இந்த மூன்றும் காலை, மாலை இரண்டு வேளை. மூன்றாவதுதான் ரொம்ப உதவியது, இன்றைக்கும் விடவில்லை. பையனின் பழைய ஷூவைப் போட்டு ஓடினது தப்பு என்றும் தெரிந்தது. சாயங்கால வேளையில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் விட்டுப் புதிது வாங்கினேன்.

திரும்பக் கோட்டைக்குப் போனபோது நவம்பர் மழை, அகழி நிறையத் தண்ணீர், மைதானம் சேறு. ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தினமும் வரும் ஒரு பெரியவர், கம்மவான்பேட்டைக்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் (அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போனவர்கள் உண்டு, நம்ம பக்கம் எல்லோருக்கும் தெரியும்), "ஏம்மா, ரொம்ப நாளா காணோம்?" என்று கேட்டார். குதிகால் கதையைச் சொன்னேன். அவர் ஃபௌஜா சிங் பற்றிச் சொன்னார். பஞ்சாபில் பிறந்து லண்டனில் இருந்தவர், 89 வயதில்தான் முதல் மாரத்தான், 2011ல் டொரண்டோவில் நூறு வயசுக்காரராக முழு மாரத்தானை முடித்தார். "எட்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சும்மா அவருக்கு. எத்தன மணி நேரம்னா யாராவது கேக்கறாங்க? முடிச்சாருன்னுதான பேசறாங்க. ஒன்பது வாரத்துல முடிக்கணும்னு உன்ன யாரு விரட்டறாங்க?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே திட்டத்தை மாற்றினேன். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும்தான் கூட்டுவது, தூரத்தைக் கூட்டினால் வேகத்தைத் தொடக்கூடாது. ஒரு நாள் ஓடினால் மறுநாள் கண்டிப்பாக ஓய்வு. 9 வாரம் எனக்கு 21 வாரம் ஆனது.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போலீஸ் வேலைக்குப் பயிற்சி எடுக்கும் ஒரு பெண் அங்கே வருவாள், பெண்களுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டுமாம். நான் காலை எட்டி எட்டி வைத்து ஓடுவதைப் பார்த்து ஒரு நாள் நிறுத்தினாள். "அம்மா, கால முன்னாடி எட்டி வைக்காதீங்க, உங்க உடம்புக்கு அடியிலயே விழட்டும், சின்னச் சின்னதா வைங்க." எனக்கு உடனே புரிந்தது. மெஷினில் தையல் நீளத்தைக் குறைத்து வைத்தால் மெல்லிய துணி சுருங்காமல், இழுக்காமல் போகும், அதே பொடித்தையல்தான். அன்றைக்கு மனசுக்குள் மெஷின் சத்தத்தை நினைத்துக்கொண்டே ஓடினேன், தரையில் கால் விழும் 'தொப் தொப்' சத்தமே குறைந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு டிராக் பேண்ட் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன். கணுக்காலில் குறுகல், இடுப்பில் எலாஸ்டிக்கோடு நாடா, உள்பக்கம் சாவிக்கும் மிட்டாய்க்கும் ஜிப் வைத்த ஒரு பாக்கெட். கடையில் பெண்களுக்கு விற்பதில் பாதிக்குப் பாக்கெட்டே இல்லை, இருந்தாலும் சாவி குதித்து வெளியே வந்துவிடும்.

ஓட்ட நாள். விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் கடுங்காப்பி. மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை நான்கு மூலையிலும் ஊக்குக் குத்தி, காற்றில் படபடக்காமல் இழுத்துவிட்டேன், பக்கத்தில் இரண்டு மூலை மட்டும் குத்தி நின்ற நாலைந்து பேருக்கும் சரிசெய்து கொடுத்தேன், என் கைநடுக்கம் போனது அதில்தான். கோட்டைக்கு எதிரே கிளம்பி அண்ணா சாலையில் போய்த் திரும்பி வர வேண்டும். கிளம்பும்போது கூட்டத்துக்குக் கடைசியில் நில் என்று பெரியவர் சொல்லியிருந்தார், நின்றேன். ஆனாலும் கொட்டு அடித்ததும் காலேஜ் பிள்ளைகள் பறக்க, நானும் அவர்களோடு அரை கிலோமீட்டர் போய்விட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நின்று, நடந்து, வாட்சைப் பார்த்து, என் கணக்குக்கு வந்தேன்: மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்றாவது கிலோமீட்டரில், முதலில் என்னைத் தாண்டிப் போன இரண்டு பையன்கள் இடுப்பில் கை வைத்து நடந்துகொண்டிருந்தார்கள். "வாங்கப்பா, என்கூட வாங்க" என்றேன். ஒருவன் கடைசி வரை கூடவே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் குழம்பு வைத்திருந்தாள். மூன்று தட்டு சாப்பிட்டேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றினேன். முள் இல்லை.

காட்பாடி, ஓய்வுபெற்றவர், வயது 61

சகோதரி, படித்துவிட்டு இரண்டு நாளாக எழுத வேண்டும் என்று இருந்தேன். எனக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. உங்களைப் போலத்தான் ஓட்டமும் நடையுமாக ஆரம்பித்தேன், வெறும் வயிற்றில் ஓடினால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு. ஆறாவது நாள் ரயில்வே மேம்பாலம் பக்கம் வரும்போது கை நடுங்கியது, சட்டை நனைந்துவிட்டது, எதிரில் வருகிறவர் முகம் தெரியவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது, ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். பால் பாக்கெட் போடும் தம்பி ஒருவர்தான் கடையைத் தட்டி ஒரு கூல்டிரிங்ஸ் வாங்கிக் கொடுத்தார், அவர் பேர்கூடக் கேட்கவில்லை, அதற்கப்புறம் அவரைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் ஓடுவதற்கு முன் கண்டிப்பாகச் சர்க்கரை பாருங்கள். எனக்கு டாக்டர் சொன்ன கணக்கு, 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மாத்திரை அளவை நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும், அந்த ஜிப் வைத்த பாக்கெட் எனக்கும் ஒன்று வேண்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு காலையும் விரல் இடுக்கு வரை பாருங்கள், நமக்குக் கொப்புளம் வந்தால் வலி தெரியாமலே போகலாம்.

அப்புறம் ஒன்று. பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாது, அதனால் வாட்சில் வரும் எண்ணை நம்ப முடியாது. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா, அதுதான் எனக்கு அளவு. என் மனைவி கூட நடந்து வருகிறார், நான் அவரோடு பேசிக்கொண்டே ஓடுகிறேன்.

குடியாத்தம், தறி வேலை, வயது 49

அக்கா, நான் கௌண்டன்ய ஆற்றங்கரைப் பக்கம் ஓடுறேன். எனக்குக் கால் பிரச்சினையைவிட நாய்தான் பிரச்சினை. முதல் வாரம் மூன்று நாய் துரத்தி விழுந்து முழங்கை உரிந்தது, ஊசி வேறு போட்டுக்கொண்டேன். இப்போது நாயைப் பார்த்தால் ஓடுவதில்லை, தூரத்திலேயே நடைக்கு மாறி, அதன் கண்ணைப் பார்க்காமல் கடந்து போய்விடுகிறேன். துரத்தவே இல்லை.

கேட்க வந்தது இதுதான். முழங்காலில் லேசாக வலி இருக்கிறது, ஓடலாமா? தேய்ந்துபோகும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஏப்ரல் மாதம் வெயிலில் என்ன செய்வது?

சத்துவாச்சாரி

தம்பி, ஊசி முழுக்கப் போட்டு முடித்தீர்களா, ஒன்றுகூட விடாதீர்கள். முழங்காலைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது மட்டும் சொல்கிறேன். வலி நடையையே மாற்றுகிறது, நொண்ட வைக்கிறது என்றால் அன்றைக்கே நிறுத்தவும். ஓடும்போது லேசாக இருந்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் பரவாயில்லை. மறுநாள் அதிகமாக இருந்தால் முந்தின நாள் செய்தது உங்களுக்கு அதிகம். வீக்கம் இருந்தால் நேராக டாக்டரிடம் போங்கள். அளவாக ஓடுவதால் மட்டும் முழங்கால் தேய்ந்துவிடாது என்றுதான் என் பிசியோதெரபி பெண்ணும் சொன்னாள், தொடைக்குப் பலம் வருகிற பயிற்சியும் சேர்த்துச் செய்யச் சொன்னாள். தறியில் உங்களுக்கும் ஒரே கால்தான் மிதியில் அதிகம் போகிறதா என்று பாருங்கள், எந்தக் கால் வலிக்கிறது என்று எழுதுங்கள்.

வெயில் வந்தால் நான் ஐந்து மணிக்கே முடித்துவிடப் போகிறேன், கத்திரி நாட்களில் ஓட்டமே கிடையாது, நடை மட்டும். நம்ம ஊர் வெயிலோடு போட்டி போட முடியாது.

காட்பாடி அண்ணா, இடுப்பு அளவு அனுப்புங்கள். ஜிப் வலப்பக்கமா இடப்பக்கமா என்றும் சொல்லுங்கள், கை நடுங்கும்போது எந்தக் கை முதலில் போகிறதோ அந்தப் பக்கம் வைக்கிறேன்.