ரோடு காலியாக இருந்தபோதுதான் பழைய வண்டி ஓட்டும் ஆசை விட்டுப்போனது. உங்களுக்கும் இப்படி ஆனதா?

மாட்டுங்கா 83:

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. மும்பையில் என்னுடையது 1983 பிரீமியர் பத்மினி கார், பழைய பியட்தான். ஹேண்ட் கியர், அதாவது ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பி. அப்பா வாங்கியது. மற்றதெல்லாம் பழைய கார் வைத்திருக்கும் நமக்குள் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலை ஃபைவ் கார்டன்ஸ் ஒரு சுற்று, கிங்ஸ் சர்க்கிளில் இட்லி காபி, அங்கிருந்து மரைன் டிரைவ். கொரோனாவுக்கு முன்னால் இதை விட்டதே கிடையாது.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. ஜூன் கடைசியில், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போகாதே என்று போலீஸ் உத்தரவு. ஆயிரக்கணக்கில் வண்டிகளைப் பிடித்துப் போட்டார்கள். அதெல்லாம் தளர்ந்த பிறகு ஒரு ஞாயிறு கிளம்பினேன். பெடர் ரோட்டில் கூட்டமே இல்லாமல் ஒருநாளாவது ஓட்ட வேண்டும் என்று நம் எல்லாருக்கும் ஒரு ஆசை உண்டே, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. வொர்லியிலிருந்து ஹாஜி அலி வரை டாப் கியரை விட்டு இறக்கவே இல்லை. எஞ்சினில் ஒரு பிசிறு கிடையாது.

பாபுல்நாத் சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு காலி-பீலி, அந்தக் கறுப்பு மஞ்சள் டாக்சி, வந்து நின்றது, அதுவும் பத்மினி. இந்த ஊரில் பழைய பியட் வைத்திருப்பவனுக்கு டாக்சிக்காரர்கள் அத்தனை பேரும் உறவுக்காரர்கள். கண்ணாடியை இறக்கி "சேட், விற்கிறீங்களா?" என்பார்கள். "சோக் கேபிள் எங்கே கிடைச்சுது?" என்பார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் கட்டை விரலையாவது உயர்த்திக் காட்டுவார்கள். அன்றைக்கு வந்தவர் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் ஷீட்டை டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒரு ஓரம் பிய்ந்து காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும். என் வண்டியை ஒருமுறை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினார். பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் சௌபாட்டியிலேயே திரும்பிவிட்டேன். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, சவாரியே இல்லாத அந்த மாதங்களில் மனிதர் எப்படிக் குடும்பத்தை ஓட்டினாரோ. ஆனால் பழைய வண்டி ஓட்டுவதில் எனக்கிருந்த சந்தோஷத்தில் பாதிக்கு மேல் ரோட்டில் போகிறவர்கள் கொடுத்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிறகு எல்லாம் திறந்துவிட்டது. வண்டி நன்றாக இருக்கிறது. சாவியை எடுத்தால் கடமைக்கு எடுக்கிற மாதிரி இருக்கிறது. 2023 அக்டோபர் கடைசியில் கடைசி பத்மினி டாக்சிக்கும் இருபது வருடக் கெடு முடிந்தது. இனி சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கவும் ஆள் இல்லை. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

ஹெரால்ட் செம்பூர்:

ஆனது. ஆனால் எனக்குக் காரணம் ரோடு இல்லை, மெக்கானிக்.

ஸ்டாண்டர்டு ஹெரால்ட், நம்ம மெட்ராஸில் செய்த வண்டி. மும்பையில் அதைத் தொடத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான், எனக்கு ஒரே ஒரு உஸ்தாத். 2020 மே மாதம் ஊருக்குப் போனார், உத்தரப் பிரதேசத்தில் ஜோன்பூர் பக்கம். ரயிலுக்குக் காத்திருந்து கிடைக்காமல், ஒரு டெம்போவில் குடும்பத்தோடு நெருக்கியடித்து ஏறிப் போனார். கூட்டம் குறைந்ததும் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

மழை முடிந்து பானெட்டைத் திறந்தேன். ஹெரால்டில் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுசாக முன்னால் கவிழும், தெரியுமே. அதன் உட்பக்கத்தில் அவர் சாக்பீஸால் எழுதிய எஞ்சின் வரிசையும் அளவுகளும் அப்படியே இருந்தன. 1-3-4-2. டாப்பெட் 10. பாயின்ட் 15. கீழே இந்தியில் 'ஆயில் தீபாவளிக்கு'. தீபாவளி வந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்று போன் போட்டேன். "இங்கே டிராக்டர் வேலை நிறைய இருக்கு சேட், பையனையும் இங்கேயே ஸ்கூல்ல போட்டாச்சு. ஃபீலர் வெச்சு பாயின்ட்டை மட்டும் பாத்துக்குங்க, மத்ததெல்லாம் ஓடும்" என்றார்.

மெல்லிய தகட்டை விட்டு இடைவெளி அளக்கிற அந்த வேலை எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று கற்றதுதான். ஆனால் ஞாயிறு முழுக்க அவர் வண்டிக்கு அடியிலும் நான் மேலேயும் இருந்து பேசிக்கொண்டே செய்கிற வேலைதான் எனக்கு வண்டி. ஓட்டுவது அதற்குப் பிறகு வருவது. பானெட்டை மூடினேன். கவர் போட்டது போட்டபடி இருக்கிறது.

முலுண்ட் கராஜ்:

இரண்டு பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆசை போய்விட்டது என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வண்டிதான் சரியில்லை. பிரேக் ஒரு பக்கம் இழுக்கும், கிளட்ச் கனமாக இருக்கும், எடுக்கும்போதே எரிச்சல் வரும், அதை மனசு என்று நினைத்துக்கொள்வார்கள். முதல் அலை முடிந்து ஒருவர் பிரீமியர் 118 என்இ கார் கொண்டுவந்தார். டோ செய்து இழுத்துவரும்போது பின்சக்கரம் இரண்டும் சுற்றவே இல்லை, தேய்த்துக்கொண்டே வந்தது. டயரில் ஒரு இடம் வழுவழுவென்று தட்டை. மாதக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருந்தார், பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அந்த டயர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐட்லிங்கில் விடுவதை முதலில் நிறுத்துங்கள். டயனமோ உள்ள வண்டியில் ஐட்லிங்கில் சார்ஜ் ஏறவே ஏறாது, செல்ஃப் தின்ற கரன்ட் கூடத் திரும்பி வராது. எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் சைலன்சருக்குள் தண்ணீர் தங்கி உள்ளிருந்து அரிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். ஒன்று அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டுங்கள், இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், அதுவும் நம் கடலோரக் காற்று. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் வீல் சிலிண்டர் இறுகிவிடும். மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டும். கியர் விழவில்லை என்று கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, அவசரப்படாதீர்கள், எஞ்சினைச் சூடாக்கி, கிளட்ச் பெடலை அழுத்திப் பிடித்து, தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடுவித்துப் பாருங்கள்.

பெட்ரோல் தனிக் கதை. எத்தனால் கலந்தது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரையும் இளக்கும். 2023-லிருந்து 20 சதவீதம் கலந்தது பங்க்குகளில் வர ஆரம்பித்துவிட்டது. பழைய கறுப்பு ஹோஸ் போட்டிருந்தால் எத்தனால் தாங்குகிற ஹோஸாக மாற்றுங்கள், பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரமையும் பாருங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்யுங்கள். எலி வேறு இருக்கிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சயான் அம்பாசடர்:

முலுண்ட் அண்ணாச்சி, நீங்க சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அவங்க கேட்டது பேட்டரியப் பத்தி இல்லையே. செம்பூர்க்காரர் மெக்கானிக் போயிட்டாருன்னு எழுதுறாரு, நீங்க ஹோஸ மாத்துன்னு சொல்லுதீங்க.

மாட்டுங்கா சாருக்கும் ஒண்ணு. ஊரடங்குல உங்க வண்டி ஓடாம நின்னுச்சு. எனக்கு வண்டி ஓடிச்சு, அதனாலதான் ஆசை போச்சு.

1995 அம்பாசடர், இசுசு எஞ்சின். 2021 ஏப்ரல்ல ரெண்டாவது அலை. மருத்துவத்துக்குச் சிவப்பு, காய்கறிக்குப் பச்சை, மத்த அத்தியாவசியத்துக்கு மஞ்சள்னு போலீஸ் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னாங்களே, ஒரே வாரத்துல எடுத்தும் விட்டாங்களே, அந்தச் சமயம். எங்க மேல்வீட்டு ஆச்சிக்கு ஆக்சிஜன் இறங்கிட்டு, ஆஸ்பத்திரியில படுக்கை இல்ல. சிலிண்டர் ஒண்ணு பிவண்டிப் பக்கம் இருக்குன்னு தகவல். பெரிய சிலிண்டர், வேற வண்டியில வைக்க இடமில்ல. அம்பாசடர் பின் சீட்டுல குறுக்கே படுக்க வெச்சு, வேட்டியால கட்டி, ஆச்சி பேரன் அதக் கட்டிப் புடிச்சிக்கிட்டு வந்தான். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் அவன் "மெதுவா மாமா, மெதுவா மாமா"ன்னு சொல்லிட்டே வந்தான். வேற ஒரு வார்த்தை பேசல.

ஆச்சி பொழச்சிட்டாங்க. இப்பவும் தானே படி இறங்கி கோயிலுக்குப் போறாங்க. ஆனா பின் சீட்டு ரெக்சின்ல சிலிண்டர் அமுங்கின தடம் பதிஞ்சு கெடக்கு. கதவத் திறந்தா அதுதான் கண்ணுல படுது. லோனாவ்லாவுக்கு ஜாலியாப் போவோம்னு வீட்டுல கூப்பிட்டா எனக்குக் கை வரமாட்டேங்குது. சீட்ட மாத்துங்கன்னு யாரும் எழுதாதீங்க, மாத்த மாட்டேன்.

அந்தேரி டிலைட்:

எல்லாரும் மனசு என்கிறீர்கள், எனக்குக் கணக்கு. 2021 மே கடைசியில் மும்பையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. என் பியட் 1100 டிலைட் நகரத்துக்குள் லிட்டருக்குப் பத்து கொடுத்தால் அதிகம். அந்த ஜூலையில் விண்டேஜ் விதி வந்தது, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு விஏ எழுத்தோடு தனி நம்பர், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும். ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும் என்று போட்டிருந்த வரியில் நின்றுவிட்டேன். காய்கறி வாங்க எடுத்துப் போன வண்டி அது. மாட்டுங்காக்காரரே, உங்கள் 83-க்கு இன்னும் வயது ஆகவில்லை, யாராவது விஏ எடுக்கச் சொன்னால் நம்பாதீர்கள்.

வடாலா மகள்:

நான் ஓட்டுபவள் இல்லை, ஓட்டியவரின் மகள். படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, ஊரடங்கில் நாங்கள் கேட்டைத் தாண்டவே விடவில்லை. அவர் தினமும் சாயங்காலம் கீழே போய் பத்மினியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பழைய ஆபீஸ் நண்பர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் பேசுவார். ஸ்டார்ட் செய்வதில்லை. பால்கனியிலிருந்து பார்த்தால் ஒரு கை ஸ்டியரிங் மேல் இருக்கும், இன்னொன்று கியர் மேல். அந்த வரிசையில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். போன் நேரமும் குறைந்துகொண்டே வந்தது.

எல்லாம் திறந்த பிறகு "வாங்கப்பா, ஒரு ரவுண்டு" என்றேன். கீழே வந்தார், கதவைத் திறந்தார், உட்காரவில்லை. "யாரைப் பாக்கப் போறது? நீயே ஓட்டு" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். அதனால்தான் மாட்டுங்கா சார் எழுதியது எனக்குப் புரிகிறது, முலுண்ட் சார் எழுதியது இந்த இடத்தில் பொருந்தவில்லை.

நான் கற்றுக்கொண்டேன். 2022 ஏப்ரலில் பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிப்பு 600-லிருந்து 5,000 ஆனதும் வீட்டில் விற்றுவிடலாம் என்றார்கள், கட்டியது என் சம்பளத்தில். எனக்கு இதில் பெரிய ஆசை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. அவர் இப்போது பக்கத்து சீட்டில் வருகிறார். கியரை நான் தப்பாக இழுத்தால் கை தானாக வருகிறது. ஒரு சந்தேகம், செகண்ட் போடும்போது கடகட என்கிறது, அது ஏன்?

முலுண்ட் கராஜ்:

அம்மா, முதலில் லிங்க்கேஜ் புஷ், அதாவது கியர் கம்பிகளை இணைக்கிற சின்ன வளையம், தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே கம்பிகள் சேருகிற இடத்தில் இருக்கும், தேய்ந்திருந்தால் விரலால் அசைத்தாலே ஆட்டம் தெரியும். சின்னச் சாமான், குர்லா சிஎஸ்டி ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் தேடிப் பாருங்கள். அதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். சயான்காரரே, நீங்கள் சொன்னதும் எனக்குப் புரிகிறது. எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

மாட்டுங்கா 83:

முலுண்ட் சார், என் வண்டி அரை சோக்கில் முதல் செல்ஃபிலேயே எடுக்கிறது, பிரேக் ஆயில் மாற்றியாயிற்று. அதனால்தான் எனக்கு இது பிடிபடாமல் இருந்தது. "யாரைப் பாக்கப் போறது" என்று வடாலா அப்பா கேட்டதுதான் என் கேள்வியும், நான் எழுதியதைவிட அவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். சயான் அண்ணாச்சி, அந்த ரெக்சினை யாரும் தொட வேண்டாம்.

புனேயிலிருந்து ஒருவர் என் வண்டியை விலைக்குக் கேட்கிறார். இன்னும் பதில் சொல்லவில்லை. செம்பூர் சார், உங்கள் உஸ்தாதின் நம்பர் கொடுப்பீர்களா? அவர் பியட் வேலையும் செய்தவர்தானே, விற்பதற்கு முன்னால் அவரிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

ஹெரால்ட் செம்பூர்:

செய்தவர்தான், டாக்சி வேலை பார்த்துத்தான் கை பழகினார். நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், பகலில் டிராக்டர் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது.